கீசர்ல சொட்டுற வால்வை அடைக்காதீங்க!

போன மாதம் இந்த இடத்தில் விடுகதை இருந்தது. இந்த மாதம் அறிவியல் பக்கம் என்னிடம் வந்திருக்கிறது. என்ன எழுதலாம்னு ரொம்ப யோசிக்கவே இல்லை. மார்கழி வந்துருச்சு. நம்ம கீழ்மலையில காலையில குழாயத் திறந்தா கை மரத்துப் போகுது. எங்க தெருவுலயே நாலு வீட்ல கீசர் மாட்டியாச்சு. மாட்டின எல்லாரும் ஏதாவது ஒரு குறை சொல்றாங்க. அந்தக் குறைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேலத்தெருக்காரங்க சொல்ற குறை, "தண்ணி நூல் மாதிரி வருது, கேஸ் கீசர் பத்தவே மாட்டேங்குது." கீழத்தெருக்காரங்க சொல்ற குறை, "ராத்திரியெல்லாம் சொட்டு சொட்டுன்னு சொட்டுது, தூக்கமே வரல." இரண்டும் வேற வேற வியாதி மாதிரி தெரியும். ஆனா காரணம் ஒண்ணுதான். தண்ணீரின் அழுத்தம். மேலே குறைவு, கீழே அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல ஒரு கேள்வி. கீசருக்குள்ள இருக்கிற வெந்நீரை வெளியே தள்ளுவது எது? எங்க வகுப்பில் கேட்டதுக்கு பாதிப் பேர் "கரண்ட்" என்றார்கள். கரண்ட் சூடுதான் பண்ணும். தள்ளாது. வெந்நீரை வெளியே தள்ளுவது பச்சைத் தண்ணிதான்!

பழைய வீடுகளில் செம்பு பாய்லர் பார்த்திருப்பீங்க. நடுவுல குழாய்ல கரியும் விறகும் போட்டு எரிப்பாங்க. மேல ஒரு புனல் இருக்கும். அதுல ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தினா மூக்கு வழியா ஒரு சொம்பு வெந்நி வரும். ஊத்தாட்டி வராது. கீசரும் அதே மாதிரிதான். தொட்டி கீசரின் அடியில் இரண்டு குழாய் இருக்கும். நீல அடையாளம் போட்டது பச்சைத் தண்ணீர் உள்ளே போக. அது அடியிலேயே முடிஞ்சிடும். சிவப்பு அடையாளம் போட்டது வெந்நீர் வெளியே வர. அந்தக் குழாய் உள்ளுக்குள்ள உச்சி வரைக்கும் போகும். சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே நிற்கும் அல்லவா? நாம் குழாயைத் திறந்ததும் அடியில் பச்சைத் தண்ணீர் நுழைந்து, மேலே நிற்கும் வெந்நீரை உச்சிக் குழாய் வழியா வெளியே தள்ளுகிறது. அதனால்தான் மாடி டேங்க் காலியாயிட்டா, கீசர் நிறைய வெந்நீர் இருந்தாலும் ஒரு சொட்டு வராது. (பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன், பாருங்கள். அம்புக்குறி போட்டது தண்ணீர் போகும் வழி.)

அப்படின்னா பச்சைத் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ, அதுதான் வெந்நீரின் அழுத்தமும். கீசரால் அதைக் கூட்ட முடியாது.

இப்போ அழுத்தம் எங்கிருந்து வருது? பாய்மங்கள் பாடத்தில் படிக்கிறோமே, ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம். அந்தச் சூத்திரத்தில் தொட்டியின் அகலம் எங்கேயாவது இருக்கா? இல்லை! 500 லிட்டர் டேங்க் ஆனாலும் 5,000 லிட்டர் டேங்க் ஆனாலும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே அழுத்தம்தான். "பெரிய டேங்கா வைங்க, தண்ணி வேகமா வரும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உயரம் மட்டும்தான் கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். பிளம்பர்கள் "ஒரு கிலோ பிரஷர்"னு சொல்றது இதைத்தான். கீசர் தகட்டில் "பார்" என்று போட்டிருப்பார்கள். ஒரு பார், ஒரு கிலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நம்ம ஊர்ல உயரத்தை அளக்க டேப் தேவையில்லை, படி இருக்கு. குறுக்குப் பாதையில் பத்து படிகளை ஸ்கேல் வச்சு அளந்தோம், நானும் என் தோழியும். சராசரியா ஒரு படி அரை அடி. 10 மீட்டர்னா 33 அடிக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது 66 படிக்கு ஒரு கிலோ! மேட்டுல இருக்கிற பஞ்சாயத்து டேங்க்ல இருந்து கீழத்தெரு கடைசி வீடு வரைக்கும் எண்ணிக்கிட்டே இறங்கினோம். 530 படி. அப்போ 8 கிலோ. திரும்ப ஏறும்போது எண்ணலை, மூச்சு வாங்கிருச்சு.

மேலத்தெருவுல அந்த டேங்குக்கும் வீட்டுக்கும் உயர வித்தியாசமே இல்லாததால, தண்ணி மெதுவாத்தான் வரும். அதைப் பிடிச்சு மாடியில் சின்டெக்ஸ்ல ஏத்தி வச்சிருக்காங்க. மாடித் தரையிலேயே டேங்க் உட்கார்ந்திருக்கு. ஷவர் அதுக்கு மூணு அடி கீழே. மூணு அடின்னா கிலோவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கேஸ் கீசர் ஏன் பத்தலை? அதுக்குள்ள ஒரு ரப்பர் தகடு இருக்கு. தண்ணீர் வேகமா ஓடினா அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் வரும். தகடு வளையும், ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி கேஸ் வால்வைத் திறக்கும், டிக் டிக்னு பொறி வந்து பத்தும். தண்ணி ஓடாம நெருப்பு மட்டும் எரியக்கூடாது என்பதற்காகவே இப்படி வச்சிருக்காங்க. தண்ணி நூல் மாதிரி வந்தா தகடு வளையாது, அதனால பத்தாது. என் தோழி வீட்டில் ஒரு வேடிக்கை. ஷவரைத் திறந்தா பத்தாது, பக்கெட் குழாயைத் திறந்தா பத்தும்! "ஷவர்ல பேய் இருக்கு"ன்னு அவ தம்பி சொல்லிட்டுத் திரியறான். பேயெல்லாம் இல்லை. ஷவர் 7 அடி உயரத்தில் இருக்கு. பக்கெட் குழாய் 2 அடி உயரத்தில். அந்த 5 அடியில் கூடுதலா 0.15 கிலோ கிடைக்குது, தண்ணீர் வேகமா ஓடுது, தகடு வளையுது. டேங்கை ஒரு 5 அடி இரும்பு ஸ்டாண்டு மேல ஏத்தினா ஷவருக்கும் அதே 0.15 கிடைக்கும். குழாயை அரை இஞ்சுல இருந்து முக்கால் இஞ்சா மாத்தினா வழியில் உராய்வு குறையும், அதுவும் நல்லது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டவே கூடாது. ஜன்னலைச் சாத்திக்கிட்டு குளிச்சா உள்ளே இருக்கிற ஆக்சிஜன் குறைஞ்சு கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கக்கூட முடியாது, உயிரே போயிடும். குளிருதுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் ஜன்னலைச் சாத்தித்தான் குளிப்போம், அதனால்தான் சொல்கிறேன். கீசர் வெளியே சுவரில் இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

கரண்ட்ல ஓடுற சின்ன கீசர் (3 லிட்டர், 3,000 வாட்) இதுக்கு நேர் எதிர். அதுக்குத் தண்ணி மெதுவா வந்தாத்தான் நல்லது. நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினா தண்ணீர் 21 டிகிரி ஏறும். குளிர்காலத்துல 15 டிகிரியில் வர்ற தண்ணி 36 ஆயிடும், சுகமா குளிக்கலாம். ஆசைப்பட்டு முழுசாத் திறந்து 4 லிட்டர் ஓடவிட்டா பாதிதான் ஏறும், 26 டிகிரி. அப்புறம் "கீசர் சரியில்லை"ன்னு அதைத் திட்டறது! அது 3,000 வாட்தான் தரும், நாம ரெண்டு மடங்கு தண்ணியில பிரிச்சுக்கிட்டோம்.

சரி, இப்போ கீழத்தெருவுக்கு வருவோம். தலைப்பு அங்கதான் இருக்கு.

எங்க சித்தப்பா வீடு கீழத்தெரு கடைசி. மேட்டு டேங்க்ல இருந்து வர்ற லைனை அப்படியே கீசருக்குக் கொடுத்திருந்தாங்க. 15 லிட்டர் தொட்டி கீசர். அதன் தகட்டில் 8 பார் என்று போட்டிருக்கிறது. கீசருக்கு அடியில், பச்சைத் தண்ணீர் நுழைகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வால்வு இருக்கும். அதுலதான் சொட்டும். பகல்ல சொட்டாது, ராத்திரி சொட்டும். ராத்திரியில மட்டும் ஏன்? சித்தப்பா எஸ்டேட்ல மருந்தடிக்கிற மெஷினுக்கு வச்சிருக்கிற பிரஷர் மீட்டரைக் குழாயில் மாட்டிப் பார்த்தாரு. காலையில எல்லா வீட்லயும் தண்ணி பிடிக்கும்போது முள் 5-ல நின்னுச்சு. ராத்திரி பத்து மணிக்கு எட்டைத் தொட்டுருச்சு. நாங்க எண்ணின படிக் கணக்கும் 8 கிலோதான்! தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவரில் உரசி உரசி அழுத்தம் குறையும். யாருமே குழாயைத் திறக்காதப்போ ஓட்டம் இல்லை, உரசலும் இல்லை, முழு 530 படியின் அழுத்தமும் கடைசி வீட்டுக் குழாயில் நிக்கும்.

இது போதாதுன்னு இன்னொண்ணும் சேருது. தண்ணீர் சூடானா விரியும். 15 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குப் போனா நூத்துக்கு ஒண்ணரைக்கு மேல விரியும். 15 லிட்டருக்கு அது கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஒரு பெரிய டம்ளர். அந்த டம்ளர் தண்ணி எங்கே போகும்? வந்த வழியே திரும்பிப் போகலாம்னா, வெந்நீர் பின்னால் ஓடாதபடி அந்தப் பித்தளை வால்வுக்குள்ள ஒரு தடுப்பும் இருக்கு. தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்கவும் முடியாது. அதனால தொட்டிக்குள்ள அழுத்தம் சரசரன்னு ஏறும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினதும் வால்வு லேசாத் திறந்து, கூடுதல் தண்ணியைச் சொட்டவிட்டு, மறுபடி மூடிக்கும். அதாவது சொட்டறது ரிப்பேர் இல்லை நண்பர்களே, அதுதான் அதோட வேலை.

ஆனா பார்க்க வந்த பிளம்பர் என்ன சொன்னாரு தெரியுமா? "ஒரு எண்ட் கேப் போட்டு அடைச்சுடலாம்மா, ஒரு சொட்டு வராது." சித்தி சரின்னு சொல்லப் போனாங்க. சித்தியையும் குத்தம் சொல்ல முடியாது. சொட்டின தண்ணியில குளியலறைத் தரை எந்நேரமும் ஈரமா இருந்து, அப்பத்தா ஒரு தடவை வழுக்கிச் சுவரைப் பிடிச்சு நின்னுருக்கு. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, வெந்நீர் இல்லாம முடியாது. விழுந்தா என்ன ஆகும்? அதனால அடைச்சிட்டா போதும்னு நினைச்சாங்க. சித்தப்பாதான், "அண்ணே, குக்கர் விசில் சத்தம் போடுதுன்னு யாராவது விசிலை அடைப்பாங்களா?"ன்னு கேட்டு நிறுத்தினாரு.

அடைச்சா என்ன ஆகும்னு கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். சூடு போதும்னு கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. அதுக்கு மேல இன்னொரு கட்-அவுட் இருக்கு. அதுவும் வேலை செய்யலைன்னா தண்ணி சூடாகிக்கிட்டே போகும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனா அழுத்தம் கூடினா கொதிநிலை கூடும். குக்கர்ல சுமார் 120 டிகிரி. 8 கிலோ அழுத்தத்தில் சுமார் 175 டிகிரி வரைக்கும் கொதிக்காம தண்ணியாவே இருக்கும். அந்த நிலையில தொட்டி எங்கேயாவது பிளந்தா அழுத்தம் ஒரு நொடியில் போயிடும். 100-க்கு மேல இருக்கிற சூடு முழுக்க தண்ணியை ஆவியாக்கும். 15 லிட்டரில் 2 லிட்டர் அப்படி ஆவியானாலே 3,000 லிட்டருக்கு மேல் நீராவி! மூணு பெரிய சின்டெக்ஸ் கொள்ற ஆவி ஒரு சின்னக் குளியலறைக்குள்ள ஒரே நொடியில் வந்தா சுவர் தாங்குமா, ஆள் தாங்குமா? ஒரு சொட்டு வால்வு அதைத்தான் தடுத்துக்கிட்டு இருக்கு.

இந்த வால்வுக்குப் பழைய கதை உண்டு. 1679-ல் டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர் லண்டனில் எலும்பை வேகவைக்க இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் ஒண்ணு செய்தார். அதுதான் நம்ம குக்கருக்குத் தாத்தா. அது வெடிச்சிடாம இருக்க, எடை வச்ச ஒரு வால்வையும் அவரே கண்டுபிடித்தார். கீசர் வந்தது ரொம்பப் பின்னாடி. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்கிறவர் கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவி செய்து, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரை அதுக்கு வைத்தார். நம்ம ஊர்ல எல்லாரும் "கெய்சர்", "கீசர்"னு சொல்றது அந்த ஊற்றோட பேரைத்தான்.

சித்தப்பா வீட்டில் என்ன செய்தார்கள்? முதல் வேலையா வால்வின் சொட்டு வாயில் ஒரு சின்ன ஹோஸைச் சொருகி, தண்ணி போற ஓட்டைக்குள்ள விட்டாங்க. தரை காய்ஞ்சிருச்சு. அப்பத்தாவுக்கு அன்னைக்கே நிம்மதி. ஹோஸை மடிச்சுக் கட்டக்கூடாது, அது முக்கியம். அதுக்கப்புறம் இரண்டு வழி இருந்தது. ஒண்ணு, லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு போட்டு 3 கிலோவுக்கு வச்சுக்கறது. இன்னொண்ணு, மாடியில் டேங்க் வச்சு மேட்டுத் தண்ணியை அதுல விடறது. திறந்த டேங்கில் விழுந்ததும் 8 கிலோவும் காணாமப் போயிடும். அதுக்கப்புறம் மாடி உயரத்தோட அழுத்தம் மட்டும்தான், 0.3 கிலோ. சித்தப்பா டேங்க் வச்சாரு, தண்ணி வராத நாளைக்கும் ஆகும்னு. எனக்கென்னவோ குறைக்கிற வால்வுதான் நல்லதுன்னு தோணுது, ஏன்னா இப்போ ஷவர் மெதுவா வருதுன்னு அவரே புலம்பறாரு. அப்பத்தாவுக்கு ஷவரே பிடிக்காது, பக்கெட்தான். ராத்திரி சொட்டறது நின்னுருச்சு. தண்ணி சூடாகும்போது மட்டும் அந்த ஒரு டம்ளர் சொட்டுது. அது சொட்டத்தான் வேணும்.

வெந்நீர் மெதுவா வந்தா உடனே அழுத்தம் குறைவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அதே லைனில் பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்து பாருங்க. அதுவும் மெதுவா வந்தா அழுத்தம்தான். பச்சைத் தண்ணி வேகமா வந்து வெந்நீர் மட்டும் மெதுவா வந்தா கீசர்ல எங்கேயோ அடைப்பு. நம்ம ஊர் ஊத்துத் தண்ணியில உப்பு கம்மி. கீழே வத்தலக்குண்டுப் பக்கம் போர் தண்ணி. எங்க அத்தை வீட்ல கழட்டின ஹீட்டர் கம்பி மேல சுண்ணாம்பு மாதிரி அரை இஞ்சு கட்டியிருந்துச்சு. தண்ணி சூடாக ஆக இந்த உப்புப் படிவது அதிகமாகும்.

புதுசா மாட்டினவங்களுக்கு ஒண்ணு. சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்க. விட்டு விட்டுக் காத்து வந்து, அப்புறம் ஒரே சீரா தண்ணி வந்தாத்தான் தொட்டி நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் போடுங்க. காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டா கம்பி கருகிடும்.

உங்க வீட்டு கீசர் தகட்டில் எத்தனை பார் என்று போட்டிருக்குன்னு பார்த்து எழுதிக்கிட்டு வாங்க. மேட்டு டேங்க்ல இருந்து உங்க வீட்டுக்கு எத்தனை படின்னும் எண்ணிக்கிட்டு வாங்க. 66-ஆல் வகுத்தா கிலோ வந்துரும். மதியம் சாப்பாட்டு மணி அடிச்சதும் சில்வர் ஓக் மரத்தடியில நானும் என் தோழியும் இருப்போம். சித்தப்பாகிட்ட மீட்டரை இரவல் கேட்டு வச்சிருக்கேன். யார் வீட்ல முதல்ல மாட்டிப் பார்க்கலாம்னு சொல்லுங்க. 400 படிக்கு மேல இருக்கிற வீடுன்னா அங்கதான் முதல்ல வருவோம்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு